வடகடலோரம் பத்து இரவு: சாதாரண கார், கூடாரம், 71 வயது அப்பா

கரும்புக்காடு (டோங்காட்)

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசி வாரம் பள்ளி விடுமுறை தொடங்குகிறது. டர்பனுக்கு வடக்கே கடலை ஒட்டியே ஏறிப்போய், தென்னாப்பிரிக்கா–மொசாம்பிக் எல்லைக்குப் பக்கத்திலுள்ள கோசி பே வரை கூடாரம் போட்டுத் தங்கித் திரும்புவதாக வீட்டில் முடிவாகியிருக்கிறது. முடிவு செய்தவர் என் அப்பா. சர்க்கரை ஆலையில் முப்பத்தெட்டு ஆண்டு வேலை பார்த்தவர். "துகேலா ஆற்றைத் தாண்டிக் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போயிருக்கிறேன், சும்மா போனதே இல்லை" என்று போன மாதம் சாப்பிடும்போது சொன்னார். தொலைக்காட்சியில் கோசி ஏரியின் மீன் வேலிகளைப் பார்த்த நாளிலிருந்து வேறு பேச்சே கிடையாது.

எங்களுடையது சாதாரண செடான் கார், தரையோடு தரையாக ஓடுவது. மனைவி, பதினொன்றும் ஏழும் வயதான இரண்டு பிள்ளைகள், அப்பா, நான். மச்சான் தன் சின்ன டிரெய்லரை இரவல் தருகிறார். வார இறுதியில் தூண்டில்களோடு அவரும் வந்து சேர்ந்துகொள்வாராம்.

நான் போட்டிருக்கும் கணக்கு: ம்டுன்சினி ஓரிரவு, செயின்ட் லூசியா ஓரிரவு, கேப் விடல் இரண்டு, ஷ்லுஷ்லுவே ஒன்று, சோட்வானா இரண்டு, சிபாயா ஏரி ஒன்று, கோசி இரண்டு. சரியா வருமா?

மணற்குதிரை (ரிச்சர்ட்ஸ் பே)

வராது. பத்து இரவில் ஏழு இடம் என்றால் நீங்கள் பார்க்கப்போவது கூடார முளைகளைத்தான். அடிப்பதற்கு ஒன்றரை மணி நேரம், பிடுங்குவதற்கு ஒரு மணி நேரம், ஈரத் துணியைச் சுருட்டுவதற்குள் வீட்டில் ஒரு சண்டை. ஏழு தடவை. பிள்ளைகளும் பெரியவரும் இருக்கும் குடும்பத்துக்கு மூன்று இடம் போதும்: செயின்ட் லூசியா இரண்டு, கேப் விடல் நான்கு, சோட்வானா நான்கு.

சாலையைப் பற்றிச் சொல்கிறேன். டர்பனிலிருந்து என்2 நெடுஞ்சாலையில் ம்டுபாடுபா வரை நல்ல சாலை. டோங்காட், ம்வோட்டி, ம்டுன்சினி என்று மூன்று சுங்கச்சாவடிகள். ம்டுபாடுபாவில் வலப்பக்கம் திரும்பினால் அரை மணி நேரத்தில் செயின்ட் லூசியா. அங்கிருந்து கேப் விடல் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர், காட்டு வழியாகத் தார்ச்சாலை. யானை, காண்டாமிருகம், எருமை எல்லாம் சாலையைக் கடக்கும் இடம், மெதுவாகத்தான் போக வேண்டும். வாயில் மாலையில் மூடிவிடும். இருட்டியபின் வந்து கெஞ்சிப் பயனில்லை. சோட்வானாவுக்கு ஷ்லுஷ்லுவேயில் என்2-வை விட்டு ஆர்22 பிடித்து ம்பாஸ்வானா வரை போய் வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஆர்22 எல்லைவரை தார்தான். ஆனால் மாடும் ஆடும் அந்தச் சாலையைத் தங்கள் வீட்டுத் திண்ணை என்று நினைத்துப் படுத்திருக்கும். இருட்டில் ஓட்டாதீர்கள். இதைக் கட்டளையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

தார் முடிந்ததும் மணல். முகாம்களுக்குள்ளே மணல். சாதாரண கார் போய்விடும், ஆனால் டயர் காற்றைக் குறைத்தால்தான் போகும். முகாம் வாயிலிலேயே நிறுத்தி 1.2 பார் அளவுக்கு இறக்குங்கள். டிரெய்லர் டயரையும் இறக்க வேண்டும், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். சிகரெட் லைட்டரில் செருகும் காற்றுப் பம்பு ஒன்று கையில் இருக்கட்டும். மணலில் சிக்கினால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தாதீர்கள். அழுத்த அழுத்த உங்கள் குழியை நீங்களே வெட்டுகிறீர்கள்.

கோசி ஏரி முகாமும் முகத்துவாரமும் உங்கள் காருக்கு இல்லை. அங்கே போகும் மணல் தடத்துக்கு நான்கு சக்கர இயக்கம் வேண்டும். முகத்துவாரத்துக்கு அனுமதிச் சீட்டும் வேண்டும்.

மலேரியா: எல்லையோரம் ஆபத்துப் பகுதி, செப்டம்பரிலிருந்து மே வரை கூடுதல். பிள்ளைகளும் வயதானவரும் இருப்பதால் கிளம்புவதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். கொசுவத்தியை நம்பிப் போகாதீர்கள்.

ஜோபர்க் நெல்லை (ஜோகன்னஸ்பர்க்)

ஒரு சந்தேகம். கடற்கரையிலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு போனால் என்ன? காணொளிகளில் பார்த்திருக்கிறேன், ஒரு பக்கம் அலை, ஒரு பக்கம் மணல்மேடு, அற்புதமாக இருக்கிறது. கோசி வரை அப்படியே போய்விடலாமே?

மணற்குதிரை (ரிச்சர்ட்ஸ் பே)

நீங்கள் பார்த்தது மொசாம்பிக்காக இருக்கும், அல்லது பழைய படமாக இருக்கும். இந்த நாட்டில் கடற்கரையில் வண்டி ஓட்டுவதைத் தடைசெய்து 2001 டிசம்பரில் விதி வந்துவிட்டது. படகு இறக்கும் இடங்களில் மட்டும் அனுமதியோடு ஓடும். அப்போது என்னைப் போன்ற பாக்கிக்காரர்கள் குதித்த குதி கொஞ்சமல்ல. (நெல்லைக்காரருக்காகச் சொல்கிறேன்: பாக்கி என்றால் இங்கே பின்புறம் திறந்த சரக்கு வண்டி. கடனில் வாங்கியதால் என்னுடையது இரண்டு அர்த்தத்திலும் பாக்கிதான்.) இப்போது யோசித்தால் விதி சரி. ஆமை முட்டையிடும் மணலில் டயர் தடம் பள்ளமாக விழுந்தால், பொரிந்த குஞ்சு அதில் விழுந்து கடலைத் தேடி நீளத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கும். நண்டும் பறவையும் முடித்துவிடும்.

அடுப்பங்கரை (ஃபீனிக்ஸ்)

தம்பி கரும்புக்காடு, எல்லோரும் டயரைப் பற்றியே பேசுகிறார்கள். நீங்கள் போகும் மாதம் புரட்டாசி. வீட்டில் விரதம் உண்டா இல்லையா? உண்டென்றால் மச்சானின் தூண்டிலுக்கு வேலை இல்லை. செப்டம்பர் 24 பாரம்பரிய நாள். முகாம் முழுக்க ஆட்டிறைச்சி சுடும் புகை கிளம்பும், நீங்கள் நடுவில் உட்கார்ந்து பருப்புச் சாதம் பிசைய வேண்டும். போன வருடம் நாங்கள் பிசைந்தோம். பக்கத்துக் கூடாரத்தார் பரிதாபப்பட்டு ஒரு தட்டு நீட்டினார்கள். என் கணவர் அந்தத் தட்டைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

விரதச் சமையல் கூடாரத்துக்கு வசதியானது என்பதுதான் உண்மை. ஐஸ் பெட்டியில் இறைச்சி கெடுமோ என்ற கவலை கிடையாது. வீட்டிலேயே சர்க்கரை பீன்ஸை வேகவைத்து டப்பாவில் உறையவைத்துக் கொண்டுபோங்கள். முதல் இரண்டு நாள் அதுவே ஐஸ், மூன்றாம் நாள் அதுவே குழம்பு. மசாலாவை வெங்காயம் தக்காளியோடு முன்கூட்டியே வதக்கிப் புட்டியில் அடைத்துவிடுங்கள். காற்றில் கேஸ் அடுப்பு வெங்காயத்தை வதக்க ஒரு மணி நேரம் எடுக்கும், பாதி சிலிண்டர் அதிலேயே போய்விடும்.

ஷ்லுஷ்லுவே பக்கம் சாலையோரத்தில் அன்னாசி விற்பார்கள், சின்னதாக, தேன் மாதிரி. வழியில் மதும்பியும் கிடைத்தால் விடாதீர்கள். சுலு மக்களின் அமதும்பியும் நம் சேப்பங்கிழங்கும் ஒன்றுதான். அதன் இலையைத்தான் நாம் பூரி-பத்தா பலகாரத்துக்குச் சுருட்டுகிறோம். தீயின் ஓரத்துச் சாம்பலில் புதைத்து, தோலுரித்து, உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தின்றால் இறைச்சி வாசனை மறந்துவிடும். சரி, முழுதாக மறக்காது.

கரும்புக்காடு (டோங்காட்)

அக்கா, விரதம் உண்டு. அப்பா இருக்கும்வரை அதில் மாற்றுப்பேச்சு இல்லை. மச்சானிடம் சொன்னேன், "பிடித்துவிட்டு விட்டுவிடுகிறேன்" என்கிறார்.

பழைய தூண்டில் (மெர்பேங்க்)

மச்சானிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். ஷேட் மீனுக்கு அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் மூடுகாலம். மற்ற நாளில் ஓர் ஆளுக்கு நான்கு மீன், முப்பது சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திரும்பக் கடலுக்கு. விரதத்தை ஏமாற்றலாம், மீன்வளக் காவலரை ஏமாற்ற முடியாது.

உங்கள் அப்பா சொன்னதைப் படித்ததும் ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் அவரைவிட ஐந்து வயது மூத்தவன். இளையவர்கள் அந்த வரியைச் சிக்கனக்காரர் பேச்சாக எடுத்துக்கொண்டிருப்பீர்கள். அப்படியில்லை. 1953-இல் தனித்தனி வசதிகள் சட்டம் வந்தது, 1990-இல்தான் நீக்கினார்கள். இடைப்பட்ட முப்பத்தேழு ஆண்டும் நல்ல கடற்கரை, நல்ல முகாம், நல்ல கழிப்பறை எல்லாவற்றிலும் ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்று பலகை. நாங்கள் தூண்டில் போட்டது ஆற்றுப் பாலங்களுக்கு அடியில், பாறைகளில், பலகை நடுவதற்குக்கூட யாருக்கும் தோன்றாத இடங்களில். ஒருமுறை 1974-இலோ 75-இலோ நான்கு பேர் ஒரு பழைய வேனில் வடக்கே போனோம். முகாமில் இடமில்லை என்றார்கள். முகாம் காலியாகத்தான் இருந்தது. சாலையோரத்தில் வேனுக்குள்ளேயே தூங்கிவிட்டு விடிந்ததும் திரும்பினோம். கோபம்கூட வரவில்லை; எங்களுக்கு வெட்கமாக இருந்தது, அதுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

துகேலாவைப் பற்றி ஒன்று. 1987 செப்டம்பர் வெள்ளத்தில் அதன்மேலிருந்த ஜான் ராஸ் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அதைப் பார்க்கவே ஸ்டாங்கரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஜனங்கள் போனார்கள். உங்கள் அப்பாவும் போயிருப்பார், கேட்டுப் பாருங்கள்.

அவரைக் கோசிக்குக் கூட்டிப்போங்கள். எப்படியாவது.

ஆழ்நீர் (டர்பன் வடக்கு)

சோட்வானாவில் நான்கு இரவு என்பதை நான் வழிமொழிகிறேன். ஆண்டுக்கு மூன்று முறை அங்கே முக்குளிக்கப் போகிறவன். முகாம் பெரியது, விடுமுறையில் கல்யாண மண்டபம் மாதிரி இரைச்சலாக இருக்கும். அதற்குத் தயாராகப் போங்கள். பிள்ளைகளை நீர் இறங்கும்போது ஜெஸ்ஸர் முனைப் பாறைக் குட்டைகளுக்குக் கூட்டிப்போங்கள். முகமூடியும் மூச்சுக்குழாயும் போதும்.

பெரியவருக்குச் சொல்ல ஒரு கதை. சீலகாந்த் என்ற மீன் டைனோசர்களோடு அழிந்துவிட்டது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. 1938 டிசம்பரில் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில் ஒரு இழுவைப் படகின் மீன் குவியலில் மார்ஜரி கோர்ட்னி லாட்டிமர் அதைக் கண்டெடுத்தார். பிறகு 2000 அக்டோபரில், சோட்வானாவுக்கு எதிரே ஜெஸ்ஸர் கடற்பள்ளத்தில் 104 மீட்டர் ஆழத்தில் முக்குளிப்பவர்கள் அதை உயிரோடு பார்த்தார்கள். நீங்கள் காலை நனைத்துக்கொண்டு நிற்கும் கரையிலிருந்து படகில் எட்டும் தூரம்தான்.

ஆமைக்கு நீங்கள் சீக்கிரம் போகிறீர்கள். பெருந்தலை ஆமையும் ஏழுவரி ஆமையும் நவம்பர் முதல் ஜனவரி வரை இரவில் கரையேறும். 1963 முதல் அங்கே அவற்றைக் கணக்கெடுத்து வருகிறார்கள். ஆனால் செப்டம்பரில் திமிங்கிலம் உண்டு: கூனல் திமிங்கிலங்கள் குட்டிகளோடு தெற்கே திரும்பும் காலம். கேப் விடலில் மணல்மேட்டின்மேல் அதற்கென்றே ஒரு மரமேடை கட்டியிருக்கிறார்கள்.

ஜோபர்க் நெல்லை (ஜோகன்னஸ்பர்க்)

கோசிக்குச் சாதாரண காரிலேயே போய்விட்டு வந்ததாக என் அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார். காற்றை இறக்கினால் போதுமாம்.

மணற்குதிரை (ரிச்சர்ட்ஸ் பே)

போயிருப்பார். வந்ததை யார் இழுத்துவந்தது என்று கேளுங்கள். நான் அந்தத் தடத்தில் மூன்று கார்களை இழுத்திருக்கிறேன், மூவருமே "நண்பர் சொன்னார்" என்றார்கள்.

கரும்புக்காடு, வழி இருக்கிறது. சோட்வானா முகாமிலிருந்து விடிந்ததும் கிளம்பி ஆர்22-வில் மாங்குசி ஊருக்குப் போங்கள், தார்தான். அங்கே உள்ளூர் வழிகாட்டிகள் தங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். காரைப் பாதுகாப்பான இடத்தில் விட்டுவிடலாம். அவர்களுக்குக் கொடுக்கும் பணம் இழுவைச் செலவைவிடக் குறைவு, அந்த ஊரிலேயும் தங்கும். முன்கூட்டியே பேசிவையுங்கள்.

கரும்புக்காடு (டோங்காட்)

சரி, மூன்று இடம் என்று மாற்றிவிட்டேன். கேப் விடலில் ஐம்பது கூடார இடம்தானாம், எங்களுக்குக் கடைசியில் ஒன்று கிடைத்தது. பெரிய கூடாரம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். அப்பாவிடம் 1987 பாலத்தைப் பற்றிக் கேட்டேன். "போனேன். நாங்கள் சும்மா கடக்காத பாலம் போனால் என்ன என்று நின்றுகொண்டிருந்தேன்" என்றார். பழைய தூண்டில் ஐயா, உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

பழைய தூண்டில் (மெர்பேங்க்)

எல்லோரும் போனோம்.

கரும்புக்காடு (டோங்காட்)

திரும்பி வந்து ஆறு நாள் ஆகிறது. டிரெய்லரிலிருந்து இன்னும் மணல் கொட்டுகிறது. சொன்னபடி எழுதுகிறேன்.

முதல் நாள் வழியில் ம்டுன்சினியில் தேநீருக்கு நிறுத்தினோம். அங்கே ரஃபியா பனந்தோப்பு ஒன்று இருக்கிறது. மரப்பலகை நடைபாதையில் அப்பாவைக் கைபிடிக்காமல் கூட்டிப்போக முடிந்தது. அதன் பழத்தைத் தின்று வாழும் ஒரு பாறு கழுகு அந்தத் தோப்பில் கூடுகட்டுகிறது. வெள்ளை உடம்பு, கண்ணைச் சுற்றிச் சிவப்பு. பாறு இனத்தில் பிறந்துவிட்டுப் பழம் தின்கிறதே என்று மகள் கேட்டாள். "அதற்கு வருடம் முழுக்கப் புரட்டாசி" என்றார் அப்பா.

செயின்ட் லூசியாவில் முதல் இரவே நீர்யானை. இருட்டியபின் அவை கழிமுகத்திலிருந்து ஏறி ஊருக்குள் புல் மேய வரும் என்று படித்திருந்தேன், படிப்பது வேறு. எட்டரை மணிக்கு ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ஒரு விடுதியின் வேலியோரம் சாம்பல் நிறத்தில் ஒரு வேன் நிற்பதாக நினைத்தேன். வேன் மென்றது. புல்லை அது பிடுங்கும் சத்தம் கார்க் கண்ணாடிக்குள் கேட்டது, தடித்த துணியைக் கிழிப்பது போல. எஞ்சினை அணைக்காமல், விளக்கைத் தாழ்த்தி, அது சாலையைக் கடக்கும்வரை அசையாமல் இருந்தோம். நடந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மனைவி இரவெல்லாம் கணக்குப் போட்டாள். நீருக்கும் அதற்கும் நடுவில் ஆள் நிற்கக்கூடாது என்று காலையில் முகாம் காவலர் சொன்னார். இருட்டில் நீர் எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும்?

கேப் விடல். இங்கேதான் வாடகைக் கூடாரம் தன் குணத்தைக் காட்டியது. கடையின் பெயர் வேண்டாம். கம்புகள் வேறொரு கூடாரத்துடையவை, ஒவ்வொன்றும் ஒரு சாண் அதிக நீளம். கூரை பலூன் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. கொடுத்த முளைகளோ புல்தரைக்கானவை, விரல் நீளம். இரண்டாம் இரவு வடகிழக்குக் காற்று பிடித்தது. நள்ளிரவில் மூன்று முளைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கிக்கொண்டு, துணி என் முகத்தில் அறைந்தது. நான் சுத்தியலைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்பா எழுந்து வந்தார், தலையில் கட்டிய துண்டோடு. கடைப் பைகளை எடுத்து மணல் நிரப்பி, கழுத்தில் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழிதோண்டிப் புதைத்து, மேலே மிதித்தார். ஆறு பை. அதன்பின் அந்தக் கூடாரம் மீதி நாளெல்லாம் அசையவில்லை. "ஆலையில் தார்ப்பாய் கட்டுவது இப்படித்தான், மணலில் ஆணி அடிப்பவன் முட்டாள்" என்றார். அந்த முட்டாள் யார் என்று அவர் சொல்லவில்லை.

அந்த இடம் ஏன் இப்படி விட்டுவைக்கப்பட்டிருக்கிறது என்று மகன் கேட்டான், திமிங்கில மேடையில் உட்கார்ந்திருந்தபோது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்த மணல்மேடுகளில் டைட்டானியம் இருக்கிறது. சுரங்கம் தோண்டப் போகிறார்கள் என்று தொண்ணூறுகளில் நாடு முழுக்கப் பெரிய சண்டை. 1996-இல் அரசு வேண்டாம் என்று முடிவு செய்தது. 1999-இல் உலகப் பாரம்பரியத் தலமாயிற்று, 2007-இல் இசிமங்கலிசோ என்று பெயர் மாறிற்று. சுலு மொழியில் அதிசயம் என்று பொருள். நான் பேசி முடிப்பதற்குள் அவன் "அங்கே!" என்று கத்தினான். தொலைவில் ஒரு மூச்சு, வெள்ளையாக. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, பாதி உயரம்.

சனிக்கிழமை பெருமாளுக்குப் படையல். மனைவி மடக்கு மேசையில் வாழையிலை இல்லாமல் தட்டில் தேங்காய், வாழைப்பழம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் வைத்து, கற்பூரம் எடுக்கத் திரும்பினாள். ஒரு குரங்கு இறங்கிற்று. அவசரமே இல்லை. தேங்காயைத் தொட்டுப் பார்த்து வேண்டாம் என்று வைத்தது, பொங்கலில் ஒரு விரல், பிறகு சீப்பு வாழைப்பழத்தையும் தூக்கிக்கொண்டு மரத்துக்குப் போய்விட்டது. மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா மரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "பெருமாளுக்கு வைத்ததை அனுமார் முதலில் வாங்கிக்கொண்டார், தீபத்தைக் காட்டு" என்றார்.

சோட்வானாவில் முகாமுக்குள் நுழைந்து நூறு மீட்டரில் டிரெய்லர் புதைந்தது. ஆம், காரின் டயரில் மட்டும்தான் காற்றை இறக்கியிருந்தேன். மணற்குதிரை அவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

கோசியை நாளை எழுதுகிறேன். பிள்ளைகளுக்குப் பள்ளிச்சீருடை தேய்க்க வேண்டும்.

மணற்குதிரை (ரிச்சர்ட்ஸ் பே)

சிரித்துவிட்டேன்.

ஆழ்நீர் (டர்பன் வடக்கு)

குரங்குக் கதை நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு வார்த்தை. வேண்டுமென்று கொடுத்தாலும் கவனக்குறைவாக விட்டாலும் குரங்குக்கு ஒன்றுதான். சாப்பாட்டு ருசி கண்ட குரங்கு அடுத்த வாரம் கூடாரத்தின் ஜிப்பைத் திறக்கும், அதற்கடுத்த வாரம் ஒரு குழந்தையின் கையிலிருந்து பிடுங்கும். அப்புறம் துப்பாக்கி வரும். அனுமார் பெயரைச் சொல்லி இதை அழகாக்க வேண்டாம்.

அடுப்பங்கரை (ஃபீனிக்ஸ்)

ஆழ்நீர் தம்பி, அந்தப் பெண் கற்பூரம் எடுக்கத் திரும்பிய நேரம் மூன்று நொடி. பெரியவர் மருமகளின் கண்ணீரை நிறுத்தச் சொன்ன வார்த்தைக்கு நீங்கள் வனத்துறை விதி வாசிக்கிறீர்கள். நீங்கள் சொல்வது சரிதான், இல்லை என்று சொல்லவில்லை. படையலைக் காருக்குள் வைத்துக் கும்பிட்டிருக்கலாம். நான் அடுத்த முறை அப்படித்தான் செய்வேன்.

கரும்புக்காடு (டோங்காட்)

ஆழ்நீர் சொல்வதை ஏற்கிறேன். மறுநாள் அதே குரங்கு முன்னைவிடத் தைரியமாக வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கோசி. விடிகாலை நாலரைக்குக் கிளம்பத் தயாராக நின்றோம். இருட்டில் ஓட்டாதே என்ற கட்டளை நினைவுக்கு வந்து, வெளுக்கும்வரை காருக்குள் உட்கார்ந்திருந்தோம். மாங்குசியில் வழிகாட்டி காத்திருந்தார், நாற்பது வயது இருக்கும். அவருடைய பாக்கியின் முன்னிருக்கையில் அப்பா, பின்னால் நாங்கள். மணல் தடத்தில் ஏறியதும், எங்கள் காரில் வந்திருந்தால் என்று நினைத்தேன். நினைப்பதை நிறுத்திக்கொண்டேன்.

அப்பா ஆலையில் பேசிய சுலு நல்ல சுலு. முன்னிருக்கையில் இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள், நடுநடுவே சிரிப்பு. எனக்குப் பாதிதான் புரிந்தது. அப்பா அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

மேட்டிலிருந்து முதலில் தெரிவது கோடுகள். நீலப்பச்சைத் தண்ணீரில் யாரோ பேனாவால் வளைவு வளைவாகக் கிறுக்கியது போல நூற்றுக்கணக்கான குச்சி வேலிகள். பல நூற்றாண்டாகத் தோங்கா மக்கள் கட்டுவது, அப்பனிடமிருந்து மகனுக்குப் போவது. ஒவ்வொரு வேலிக்கும் சொந்தக்காரக் குடும்பம் உண்டு. ஏரியிலிருந்து கடலுக்குத் திரும்பும் மீன் வேலியோடு வளைந்து வளைந்து போய், கடைசியில் ஒரு கூட்டுக்குள் நுழைகிறது. குச்சி இடைவெளி வழியே சின்ன மீன் தப்பிவிடும்.

வழிகாட்டியின் குடும்ப வேலி கரைக்குப் பக்கத்தில்தான். தண்ணீர் இறங்கியிருந்தது, முட்டளவு. அவர் அப்பாவைத் தோளைப் பிடித்து இறக்கினார். நான் தடுக்க வாயெடுத்தேன். அப்பா அதற்குள் கால்சட்டையை முழங்காலுக்குமேல் சுருட்டிவிட்டார். கூட்டின் வாயில் குச்சிகள் உள்நோக்கிக் கூராகச் சாய்ந்திருந்தன. அப்பா கையைக் குவித்து உள்ளே நுழைத்தார்; குச்சிகள் விலகி வழிவிட்டன. வெளியே இழுத்தார், மணிக்கட்டில் முனைகள் குத்தி நின்றன. இரண்டு மூன்று முறை அப்படியே செய்து பார்த்தார். பிறகு தமிழில் சொன்னார்: "இது பறி."

எங்கள் வீட்டில் தமிழ் பேசுவோம், படிப்போம், ஆனால் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. என்ன பறி என்றேன். அவருடைய ஆயா, டோங்காட் ஆற்றில் மூங்கிலில் பின்னி வைப்பாராம், இதே வாய், இதே சாய்வு. அறுபத்தைந்து வருடம் முன்பு பார்த்தது. அந்தச் சொல்லை அவர் வழிகாட்டிக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் "பறி" என்றார், றகரம் நம்மைவிட நன்றாக வந்தது. தங்கள் சொல்லையும் அவர் சொன்னார், அப்பா இரண்டு முறை திருப்பிச் சொன்னார், நான் எழுதிக்கொள்ளாமல் விட்டுவிட்டேன்.

கூட்டில் ஒரு மீன் இருந்தது. வழிகாட்டி எடுத்து அப்பாவிடம் நீட்டினார். புரட்டாசி. அப்பா மீனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். இரண்டு கையாலும் வாங்கி, நெற்றிக்கு நேரே தூக்கி, திரும்ப அவரிடமே கொடுத்தார். அன்று மதியம் அவர் வீட்டில் அது குழம்பாகியிருக்கும்.

கேள்வி இதுதான்: பறி என்பது சரியான சொல்தானா, அல்லது எங்கள் ஆயா வைத்த பெயரா?

ஜோபர்க் நெல்லை (ஜோகன்னஸ்பர்க்)

சரியான சொல்தான் அண்ணா. எங்கள் ஊரில் வாய்க்கால் மடையில் பறி வைப்போம். மழைக்காலத்தில் வயலில் ஏறும் கெண்டைக்கும் கெளுத்திக்கும். என் தாத்தா ஈச்சங்குச்சியில் பின்னுவார். ஊரைவிட்டு வந்து ஒன்பது வருடம் ஆயிற்று, இந்தச் சொல்லை நானும் இப்போதுதான் எழுதிப் பார்க்கிறேன்.

பழைய தூண்டில் (மெர்பேங்க்)

எங்கள் வீட்டிலும் பறி என்றுதான் சொன்னார்கள். ம்லாஸ் ஆற்றில் வைத்திருக்கிறோம்.

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கேப் விடலில் ஓர் இடம் கிடைத்ததாகச் சொன்னீர்களே, எத்தனை மாதம் முன்பு எழுதினால் கிடைக்கும்? மணலில் பை புதைக்க எனக்கும் தெரியும்.

கரும்புக்காடு (டோங்காட்)

ஐயா, விடுமுறை இல்லாத வாரமாகப் பாருங்கள், எளிதாகக் கிடைக்கும். மே மாதம் நல்லது என்றார் முகாம் காவலர். அப்பாவிடம் உங்கள் செய்தியைப் படித்துக் காட்டினேன். "அவருக்குக் கூடாரம் எத்தனை பேர் படுக்கும் என்று கேள்" என்கிறார்.